சுவரில் பூத்தது ரத்தத்தில் தெரியுமா?

போன இதழில் ஆஸ்துமா பற்றி எழுதும்போது, கடைசியில் "வீட்டில் பூசணம் இருக்கிறதா என்றும் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு கடிதங்கள். ஐப்பசி அடைமழையும் சேர்ந்துகொண்டதால் அம்பாசமுத்திரத்திலிருந்து திருச்செந்தூர் வரை எல்லார் வீட்டுச் சுவரும் எனக்கு இப்போது அத்துப்படி. பாதிப் பேர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நகல் எடுத்து இணைத்திருக்கிறார்கள். களக்காட்டு வாசகர் ஒருவர் சுவரில் சுரண்டிய பொடியையே கவரில் போட்டு அனுப்பிவிட்டார். பிரித்ததும் மூன்று தும்மல் தும்மினேன். அவருக்குப் பதில் கடைசியில்.

நானும் பூசணக்காரிதான். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பழைய வீட்டில் ஜன்னலே இல்லாத அரங்குவீடு ஒன்று உண்டு. குலுக்கையில் நெல், அதன் மேல் பழைய ஓலைப்பெட்டிகள், மூலையில் யாரும் விரிக்காத பாய். கார் நெல் எடுக்க ஆச்சி என்னைத்தான் உள்ளே அனுப்புவாள். மரக்காலோடு வெளியே வரும்போது கண் சிவந்து மூக்கு ஒழுகும். "பிள்ளைக்குத் தடுமன் பிடிச்சிருக்கு" என்று சுக்குத் தட்டிப் போடுவாள். அரங்குவீட்டுக்குள் போனால் மட்டும் வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும் தடுமன் என்ன தடுமன் என்று யாரும் கேட்கவில்லை. நெஞ்சுநோய் படித்து முடித்த பிறகுதான் நானே கேட்டேன்.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அம்பாசமுத்திரம் வாசகி: "என் மகனுக்கு ஒன்பது வயது. மழை தொடங்கினால் காலையில் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கு ஒழுகல், ராத்திரி இருமல். வடக்குச் சுவர் முழுக்க ஓதம், கறுப்புக் கறுப்பாய்ப் பூசணம். அறுபதுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தோம். பூசண வகைகளில் ஆல்டர்னேரியா 2.1, கிளாடோஸ்போரியம் 0.6, ஆஸ்பர்ஜில்லஸ் 0.4, மற்றதில் தூசிப்பூச்சி 14, பால் 0.5, கத்தரிக்காய் 0.4, வேர்க்கடலை 0.8 என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் உள்ளதை எல்லாம் ஒரு மாதமாக நிறுத்திவிட்டோம். பையன் இளைத்துப்போனான். வீட்டையும் மாற்றிவிடலாமா டாக்டர் அம்மா?"

முதலில் பிள்ளைக்குப் பாலைக் கொடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போன மாதம் வரை அவன் பால் குடித்திருக்கிறான், கடலைமிட்டாய் தின்றிருக்கிறான், கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டிருக்கிறான். உடம்பில் தடிப்பு, வாந்தி, உதட்டு வீக்கம், இழுப்பு எதுவுமே வந்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மூன்று எண்களுக்கும் அர்த்தம் இல்லை. (சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்த பிள்ளையாக இருந்தால் கதை வேறு. அவர்கள் என் பேச்சைக் கேட்டு வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

இந்தப் பரிசோதனை என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அலர்ஜி உள்ளவர் உடம்பில் ஐஜிஇ என்றொரு எதிர்ப்புப் புரதம் உருவாகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி ஐஜிஇ. தாமிரபரணியில் தூண்டில் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். லேபில் ஒவ்வொரு பூசணத்திலிருந்தும் எடுத்த புரதத்தை இரையாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். பையனின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை அதன் மேல் விடுவார்கள். ஆல்டர்னேரியாவுக்கான ஐஜிஇ இருந்தால் அந்த இரையைக் கவ்விக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும். கவ்வியது எவ்வளவு என்று மெஷின் அளந்து சொல்கிறது, அவ்வளவுதான். கவ்வியதால் பிள்ளைக்கு நோய் வந்ததா என்பது மெஷினுக்குத் தெரியாது. ஐஜிஇ இருந்தும் தும்மலே இல்லாமல் நடமாடுகிறவர்கள் நிறையப் பேர்.

லிட்டருக்கு 0.35 கிலோயூனிட் என்பதுதான் வெகுகாலமாக எல்லைக்கோடு. அதிலிருந்து 0.7 வரை முதல் வகுப்பு, 3.5 வரை இரண்டாம் வகுப்பு, 17.5 வரை மூன்றாம் வகுப்பு, இப்படியே ஆறு வரை போகும். ஆறாம் வகுப்பு என்றால் ஆபத்து, ஒன்றாம் வகுப்பு என்றால் லேசு என்று அர்த்தம் இல்லை. எண் கூடினால், அந்தப் பொருளுக்கு எதிராக உடம்பு ஐஜிஇ உருவாக்கியிருக்கிறது என்பது உறுதியாகிறது. தொந்தரவு எவ்வளவு என்பதை அது சொல்லாது.

இப்போது ரிப்போர்ட்டை என் கண்ணால் பாருங்கள். உங்கள் கண் கறுப்புச் சுவரில் நிற்கிறது, அதனால் ஆல்டர்னேரியாவைப் பிடித்துக்கொண்டீர்கள். என் கண் 14-இல் நிற்கிறது. தூசிப்பூச்சி! மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மனிதத் தோலில் உதிரும் செதிலைத் தின்று வாழ்வது. அதற்கும் ஈரக்காற்றுதான் பிடிக்கும். மழை தொடங்கினால் சுவரில் பூசணம் கூடுகிற அதே நாட்களில் மெத்தைக்குள் இதுவும் கூடும். பூசணம் கண்ணில் படுகிறது, பழியைச் சுமக்கிறது. காலையில் எழுந்தவுடன் தும்மல், ராத்திரி இருமல் என்று நீங்கள் எழுதியிருப்பதே படுக்கையைத்தான் காட்டுகிறது.

இன்னொன்று. ஆல்டர்னேரியா பெரும்பாலும் வெளியாள். காய்ந்த இலை, அறுத்த வயல், செடிகொடி, அங்கிருந்து காற்றில் வருவது. ஓதச் சுவரில் அதிகம் குடியிருப்பது பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம் வகையறா. உங்கள் மகனுக்கு அவற்றில் இரண்டு மட்டுமட்டாய் வந்திருக்கிறதே என்றால், பூசணங்களின் புரதங்கள் பலவும் ஒன்றுக்கொன்று ஜாடை ஒத்தவை. அண்ணனுக்கு வைத்த தூண்டிலில் தம்பியும் மாட்டுவான். 0.4, 0.6 எல்லாம் அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

அதற்காக வடக்குச் சுவரை விட்டுவிடச் சொல்லவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் உங்கள் சுவரில் அடிக்கிறதா, அங்கணத்துக் குழாய் கசிகிறதா? அதை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் தைக்குள் மறுபடி பூத்துவிடும். கறுப்பைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பையன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் செய்யுங்கள், செய்கிறவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். பிளீச்சிங்கையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் தயவுசெய்து கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அந்த வேலையைப் பார்த்து மூச்சடைத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை கைபொறுக்காத வெந்நீரில் துவையுங்கள். வெயில் வந்த நாளெல்லாம் மெத்தையை மாடிக்கு ஏற்றுங்கள். மூக்குக்கு அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி இருமலுக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கும் பரிசோதனை, ஒன்பது வயதில் செய்ய முடியும். வீடு மாற்ற வேண்டாம். மாற்றினாலும் அதே மெத்தையைத்தானே தூக்கிக்கொண்டு போவீர்கள்?

முக்கூடல் வாசகி: "இருபது வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். இலையை நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்தால் சில நேரம் பூசணம் பூத்துவிடும். அதைத் தட்டி உதறும்போது நெஞ்சு அடைக்கிறது. ரத்தப் பரிசோதனை நல்லதா, கையில் குத்திப் பார்ப்பது நல்லதா? வெறும் வயிற்றோடு போகணுமா? அலர்ஜிக்குத் தினம் செட்டிரிசின் போடுகிறேன், நிறுத்தணுமா?"

ரத்தம் கொடுக்க வெறும் வயிறு வேண்டாம் அக்கா, சாப்பிட்டுவிட்டே போங்கள். செட்டிரிசினையும் நிறுத்த வேண்டாம், ரத்தத்தில் உள்ள ஐஜிஇயை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பே வராது. குத்திய இருபது நிமிஷத்துக்குள் முடிவு தெரிந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் இழுப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், தோல் முழுக்கக் கரப்பான் என்ற தோல்நோய் உள்ளவர்களுக்கும், மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும் ரத்தம்தான் வசதி. பூசணத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் ஒரே குறை: இரையாக வைக்கிற சாறு எல்லாக் கம்பெனியிலும் ஒரே தரமாக இருப்பதில்லை. ஒன்றில் வராதது மற்றதில் வருவதுண்டு.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதைவிட முக்கியமான ஒன்று. நான் தொழிலுக்கு வந்த புதிதில், கடையம் பக்கத்திலிருந்து உங்களைப் போலவே பீடி சுற்றுகிற ஒரு அம்மா வந்தார். ஆஸ்பர்ஜில்லஸ் பாசிட்டிவ். நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன், இலையில் பூசணம் என்ற கதையையும் கேட்டேன், இரண்டையும் கோர்த்துவிட்டு "பீடியை விட்டுவிடு" என்று சொல்லிவிட்டேன். அவரும் விட்டார். ஆறு மாதம் கழித்து வந்தபோது இழுப்பு அப்படியே இருந்தது, கழுத்தில் கிடந்த சங்கிலி இல்லை. அன்றுதான் முதன்முறையாக அவர் வீட்டு அடுக்களையைப் பற்றிக் கேட்டேன். ஓலை வேய்ந்த ஒற்றை அறை, உள்ளேயே விறகடுப்பு. இன்ஹேலரை உறிஞ்சச் சொல்லிப் பார்த்தால் மருந்து முழுவதும் நாக்கில் படிந்தது. அடுப்பைப் புறவாசலுக்கு மாற்றி, இன்ஹேலரை ஒழுங்காக இழுக்கப் பழக்கியதும் ஒரே மாதத்தில் தேறினார். பீடி சுற்றும் சொளவை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. நான்தான் அதைக் கேள்வி கேட்காமல் நம்பினேன்.

ஆகையால் உங்களிடம் கேட்கிறேன். இலை உதறாத நாளில், ஊருக்குப் போய் நாலு நாள் தங்கிய இடத்தில் எப்படி இருந்தது? புகையிலைத் தூள் கலக்கும்போதா, இலை உதறும்போதா அதிகம்? ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள். இலையை வீட்டுக்கு வெளியே காற்றுப் போகிற திசையில் உதறுங்கள், பூத்த இலையைச் சேர்க்காதீர்கள், மூக்கு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு நெஞ்சு டாக்டரிடம் போனால், என்ன டெஸ்ட் வேண்டும் என்பதை அதுவே சொல்லும். அறுபது பொருள் பேனல் உங்களுக்குத் தேவைப்படாது. நாலைந்து பூசணமும் தூசிப்பூச்சியும் பார்த்தால் போதும்.

ஸ்ரீவைகுண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: "எனக்கு இருபது வருஷமாக ஆஸ்துமா. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மெத்தை, புத்தகம், பீரோ எல்லாம் பூத்துப்போனது. அதன் பின் இருமல் நிற்கவில்லை. இருமும்போது பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக வருகிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததால் ஓரிடத்தில் காசநோய் மருந்து ஆறு மாதம் கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒருதடவையும் தெரியவில்லை. நிழல் மாறி மாறி வேறிடத்தில் தெரிகிறது. சமீபத்தில் மொத்த ஐஜிஇ 1,840. 'அலர்ஜி ஜாஸ்தி, தூசியில் போகாதீர்கள்' என்கிறார்கள். போதுமா?"

போதாது சார். வந்த கடிதங்களில் என்னை உட்காரவிடாமல் செய்தது உங்களுடையதுதான்.

பழைய ஆஸ்துமா, பழுப்புச் சளிக்கட்டி, இடம் மாறும் நிழல், ஆயிரத்தைத் தாண்டிய மொத்த ஐஜிஇ. இந்த நாலும் ஒரே ஆளிடம் இருந்தால் ஏபிபிஏ என்ற நோயைத் தேடியே ஆக வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூசணம் மூச்சுக்குழாய்ச் சளியிலேயே குடியேறிவிடும். அது நுரையீரலை நேரடியாகத் தின்பதில்லை. அதன் மேல் உடம்புக்கு வருகிற கோபம்தான் குழாய்களை வீங்க வைத்து நிரந்தரமாக அகலப்படுத்திவிடுகிறது. 1952-இல் இங்கிலாந்தில் முதலில் விவரித்தார்கள். நம் நாட்டில் இது காசநோய் என்று மருந்து வாங்குவது பழைய கதை. எக்ஸ்ரே நிழல் இரண்டிலும் ஒன்றுபோலத் தெரியும்.

இங்கேதான் ரத்தப் பரிசோதனைக்கு உண்மையான வேலை இருக்கிறது. அம்பாசமுத்திரத்துப் பிள்ளைக்கு அது துணைச்சாட்சி. உங்களுக்கு அதுதான் வாசல். முதலில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கான தனி ஐஜிஇ எடுக்க வேண்டும், 0.35 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று. மொத்த ஐஜிஇ 500 அல்லது அதற்கு மேல் என்பது 2024-இல் திருத்திய அளவுகோல், முன்பு 1,000 என்று வைத்திருந்தார்கள். நீங்கள் இரண்டையும் தாண்டிவிட்டீர்கள். அப்புறம் ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி (ஐஜிஇ போல இன்னொரு எதிர்ப்புப் புரதம்), ரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை, நெஞ்சு சிடி ஸ்கேன். சளியை மறுபடியும் காசநோய்க்கு, மரபணு முறையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏபிபிஏவுக்குக் கொடுப்பது ஸ்டீராய்டு மாத்திரை அல்லது இட்ராகோனசோல் என்ற பூசணக்கொல்லி மருந்து. காசநோய் ஒளிந்திருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் வம்பு.

மொத்த ஐஜிஇ 1,840 என்பதை மட்டும் வைத்து நான் முடிவு கட்டவில்லை. குடல்புழு இருந்தாலும் அது ஏறும், தோலில் கரப்பான் இருந்தாலும் ஏறும். யானைக்கால் புழுவால் வரும் ஈஸ்னோபீலியா என்று ஒன்று உண்டு, ராத்திரி இருமலும் ஆயிரக்கணக்கில் ஐஜிஇயும் அதிலும் வரும். (நம் ஊரில் 'ஈஸ்னோபீலியா' என்ற பெயரைத் தடுமனுக்கெல்லாம் வைத்துவிட்டதால் நிஜமான ஈஸ்னோபீலியாவை யாரும் கவனிப்பதில்லை.) அதனால்தான் தனி ஐஜிஇ வேண்டும் என்கிறேன்.

வெள்ளத்தால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பூசணம் எருக்குழியில், வைக்கோலில், மக்கின இலையில் எங்கும் இருப்பது. வித்து ஒன்றின் அளவு இரண்டு மூன்று மைக்ரான்தான், மூச்சோடு நுரையீரலின் அடி வரை இறங்கிவிடும். எல்லாரும்தான் இழுக்கிறோம். இருபது வருஷ ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழாய்க்கு மட்டும் அதை வெளியே தள்ளத் தெரியவில்லை. பூத்த புத்தகங்கள் நிலைமையை மோசமாக்கியிருக்கலாம். ஆசிரியரிடம் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; ஆனால் நனைந்து ஒட்டிப்போனவற்றை நீங்களே பிரித்து உதற வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும்.

சிகிச்சை தொடங்கினால் எட்டு வாரம் கழித்து மொத்த ஐஜிஇ திரும்பப் பார்ப்பார்கள். இறங்க வேண்டும். நூறுக்குள் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள், வராது. உங்களுக்கென்று ஓர் அடிமட்டம் வரும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி ஏறினால், நோய் திரும்புகிறதா என்று பார்க்க அந்த எண் உதவும். இந்த வாரமே நெஞ்சுநோய்ப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். பழைய எக்ஸ்ரேக்கள் அத்தனையும் கையில் இருக்கட்டும்.

சேரன்மகாதேவி விவசாயி: "பிசானம் அறுத்து வைக்கோல் படப்பு வைத்தோம், மழையில் நனைந்துவிட்டது. பிரித்துக் கட்டின அன்றைக்கு ராத்திரி குளிர்காய்ச்சல், இருமல், மூச்சு இரைப்பு. இரண்டு நாளில் சரியாகிறது. திரும்பப் படப்பைத் தொட்டால் திரும்ப வருகிறது. பூசண அலர்ஜி டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். அப்புறம் இது என்ன?"

அண்ணாச்சி, நெகட்டிவ் வந்தது சரிதான். தப்பான வாசலில் தட்டியிருக்கிறார்கள்.

ஐஜிஇ அலர்ஜி என்றால் தொட்ட சில நிமிஷத்தில் தும்மல், இழுப்பு. உங்களுக்கு நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சலோடு வருகிறது. இது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போகும் இன்னொரு வகை ஒவ்வாமை. இங்கிலாந்தில் 1932-இல், பூத்த வைக்கோலைக் கையாண்ட விவசாயிகளிடம் இதை விவரித்தார்கள். 'விவசாயி நுரையீரல்' என்றே பெயர். நனைந்த வைக்கோலை அடுக்கினால் உள்ளே சூடேறும் அல்லவா, கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டில்தான் இதற்குக் காரணமான கிருமிகள் பெருகுகின்றன. பார்க்கப் பூசணம் போல வெள்ளைப் பொடியாக இருக்கும், ஆனால் முக்கியமானவை பாக்டீரியா இனம். அதற்கு ரத்தத்தில் பார்ப்பது ஐஜிஜி. அதுவும் "இந்த உடம்பு அந்தப் பொடியைச் சந்தித்திருக்கிறது" என்று மட்டுமே சொல்லும். நோய் இல்லாத விவசாயிகளுக்கும் பாசிட்டிவ் வரும். நெஞ்சு சிடியும், நுரையீரல் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும்தான் முடிவு செய்யும்.

நீங்கள் படப்புப் பக்கம் போகாதீர்கள். "மாட்டுக்கு யார் போடுவது" என்று கேட்பீர்கள், தெரியும். வேறு வழியே இல்லை என்றால் என்95 முகக்கவசம் போட்டு, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று எடுங்கள். ஈர வைக்கோலைக் காயாமல் அடுக்க வேண்டாம். இரண்டு நாளில் சரியாகிவிடுகிறதே என்று விட்டால் வருஷங்கள் போகப் போக நுரையீரல் தழும்பேறி, நடந்தாலே இரைக்கும் நிலை வரும். தள்ளிப்போடாதீர்கள்.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: "எனக்குப் பெனிசிலின் ஊசி ஒத்துக்காது. டெஸ்டில் பெனிசிலியம் பூசணம் என்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? இட்லி மாவு புளிப்பதும் பூஞ்சைதானே, சாப்பிடலாமா?"

ஒன்றல்ல. மருந்து அந்தப் பூசணத்திலிருந்து வந்தது என்பதோடு உறவு முடிந்தது. பூசண அலர்ஜியைப் பார்க்கும் டெஸ்ட் அதன் வித்திலும் உடம்பிலும் உள்ள புரதங்களைப் பார்க்கிறது, மருந்தை அல்ல. உங்கள் பெனிசிலின் விஷயம் தனி, அதை ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லிக்கொண்டே இருங்கள். இட்லி தாராளமாகச் சாப்பிடுங்கள். மாவைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு.

சங்கரன்கோவில் வாசகர்: "தொடையில் படர்தாமரை. பூஞ்சைக்கு ரத்த டெஸ்ட் எடுக்கவா?"

வேண்டாம். அது தோலில் தொற்றிய பூஞ்சை, அலர்ஜி இல்லை. தோலைச் சுரண்டி எடுத்த செதிலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பு தடவுகிறீர்களானால் இன்றே நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள்.

தென்காசி வாசகி: "சாரல் முடிந்து பீரோவைத் திறந்தால் பட்டுச்சேலைகளில் பூசண வாடை, உடனே தும்மல். ஆனால் ரத்தத்தில் எல்லாமே 0.1க்குக் கீழ். டெஸ்ட் தப்பா?"

தப்பு என்று சொல்ல முடியாது, முழுசு என்றும் சொல்ல முடியாது. லேபில் வைத்திருக்கிற இரை நாலைந்து பூசணத்துக்குத்தான். குற்றால மலையடிவாரத்துப் பீரோவில் பூப்பது அந்தப் பட்டியலில் இல்லாத ஏதாவதாகவும் இருக்கலாம். சிலருக்கு மூக்குச் சவ்வுக்குள்ளேயே ஐஜிஇ உருவாகும், ரத்தத்தில் தெரியாது. இன்னும் சிலருக்கு அலர்ஜியே இல்லை, அந்த வாடையும் பொடியும் மூக்கை உறுத்துகிறது, அவ்வளவுதான். பீரோவில் அந்துருண்டை போட்டிருப்பீர்களே, அந்த நெடியே போதும் தும்ம வைக்க. மூன்றுக்கும் வைத்தியம் ஏறத்தாழ ஒன்றே. சேலைகளை நிழலில் காற்றாட உலர்த்துங்கள், பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள், சாரல் மாதங்களில் பகலில் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இன்னொரு டெஸ்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. ஐஜிஇ என்ற பெயர் வருவதற்கு வெகு முன்பே, 1921-இல், அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் இரண்டு டாக்டர்கள். கூஸ்ட்னர் என்பவருக்கு மீன் ஆகாது. அவர் ரத்தத்தின் தெளிநீரைப் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைக் குத்தினார். மீன் ஒத்துக்கொள்கிற பிராஸ்னிட்ஸின் தோலில் தடிப்பு எழும்பியது. ரத்தத்தில் என்னவோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது என்ன என்று பிடிக்க 1960களின் பின்பாதி ஆகிவிட்டது, அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் சுவீடனில் இன்னொரு குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். உங்கள் நாலு பக்க ரிப்போர்ட்டின் தாத்தா அந்த ஒரு தடிப்புதான்.

களக்காடு வாசகர்: "சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூக்கிறது. சுரண்டி அனுப்பியிருக்கிறேன். குடும்பத்தில் எல்லாருக்கும் பூசண ரத்த டெஸ்ட் எடுத்துவிடலாமா?"

உங்கள் பொடியில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டேன். கரைந்துவிட்டது. பூசணம் கரையாது. இது சுவரில் பூத்த உப்பு. நிலத்து ஈரம் செங்கல் வழியே மேலேறும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து, தண்ணீர் காய்ந்ததும் வெளியே தள்ளிவிடும். நான் தும்மியது, கவரைப் பிரித்த அவசரத்தில் பொடி மூக்கில் ஏறியதால். உங்கள் வீட்டில் யாருக்கும் தும்மலோ இருமலோ இருப்பதாக நீங்கள் எழுதவே இல்லை. யாரும் ரத்தம் கொடுக்க வேண்டாம். அஸ்திவாரத்தில் ஈரம் ஏறுகிறது, உப்பைத் தொடர்ந்து நிஜமான பூசணமும் வரலாம், அதற்கு முன்னால் ஒரு நல்ல கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அடுத்த தடவை பொடி வேண்டாம், ஃபோட்டோ போதும்.